உன் பெயர்ப் பட்டியலுக்கு அம்மாவின் மெய்ப்பு

அன்புள்ள அம்மு,

உன் பட்டியல் கிடைத்தது. பெண் என்றால் ஆறு பெயர், பையன் என்றால் மூன்று, எல்லாமே மண்ணும் நிலமுமாக. மண்ணைப் படித்தவள் மண்ணிலேதான் பெயர் தேடுவாய் என்று நான் அப்போதே அப்பாவிடம் சொன்னேன். போனிலேயே பதில் போட்டிருக்கலாம். கட்டைவிரலால் யோசிக்க எனக்கு வராது. தபாலில் போடுகிறேன், மெதுவாக வந்து சேரட்டும், பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். முழங்கால் அதேதான். சித்தி வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது, அதை விடு.

காலமெல்லாம் அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்துப் பிழைத்தவள் நான். என்னிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு 'பார்த்துச் சொல்லும்மா' என்றால் சும்மா பார்த்துவிட்டு வைத்துவிடுவேனா? சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

அவனி. நல்ல பெயர். சின்னது, வாயில் தடுக்காது, நிகண்டுகளில் பூமிக்குச் சொல்லும் பெயர்களின் வரிசையிலேயே இருக்கிறது. ஒரு சங்கடம், காதில் பாதி வாங்கியவர்கள் ஆவணி என்று எழுதிவிடுவார்கள். ஒரு சான்றிதழில் 'ஆ' ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. இன்னொன்று, அவனி என்று சொல்ல வாயெடுக்கும்போதே 'அவன்' வந்து நின்றுவிடுகிறான். அவனில்லாமல் அவனி இல்லை. எழுத்தைத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு இந்தப் பெயர் பிடித்திருக்கிறதா?

தரா. வடமொழியில் தாங்குகிறவள் என்று பொருள். தரணி, தாரிணி எல்லாம் அதே வேரில் வருவதுதான். ஆனால் தமிழ்க் கண்ணோடு படித்துப் பார். 'தரா' என்றால் 'தராத'. காய் தரா மரம், இடம் தரா மனம். சரி, ஒரு கால் போட்டுத் தாரா ஆக்கினால் பூமி நட்சத்திரமாகிவிடும், கிராமத்துக்காரர் காதில் வாத்தாகிவிடும். தரணி என்றே வைத்துவிடேன். பெண்ணுக்கும் ஆகும், பையனுக்கும் ஆகும், யாரும் எழுத்தை மாற்ற மாட்டார்கள்.

இலாவும் அந்த ரகம். பூமிக்கு வடமொழியில் அந்தப் பெயர் உண்டு, மறுக்கவில்லை. தமிழில் குறை இலா, நிகர் இலா என்று முன்னால் ஒரு சொல் வந்தால் அழகு. முன்னால் ஒன்றுமே இல்லாமல் இலா என்று தனியாக நிற்கும்போது எது இல்லை, யார் இல்லை என்று மனம் தேடுகிறது. ளகரம் போட்டு இளா என்று எழுது. இளமையாவது வந்து சேரும்.

மேதினி ஓசை நயமுள்ள பெயர். கதைதான் கொஞ்சம் அசிங்கம், மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்களின் மேதசு, அதாவது கொழுப்பு, படிந்து உண்டானதால் மேதினி என்று புராணம் சொல்கிறது. யாரும் இப்போது அதையெல்லாம் கேட்கப்போவதில்லை. டிசம்பரில் பிறக்கப்போகிறவளைப் பார்த்து 'மே தினத்தில் பிறந்தாளா' என்றுதான் கேட்பார்கள்.

பூமிகா இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. பூமி என்று நினைத்துத்தான் வைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் நாடகத்தில் ஒருவர் ஏற்கிற வேடத்துக்கும் அந்தச் சொல்தான். வடக்கே 'அவருடைய பூமிகா என்ன' என்று கேட்டால் அவர் பங்கு என்ன, பாத்திரம் என்ன என்று அர்த்தம். நம் பிள்ளை யாருக்காகவும் வேடம் போட வேண்டாம். நீயும் போட வேண்டாம்.

கையா. கிரேக்கர்களின் பூமித்தாய் என்று தெரியும். நீ இருக்கிற ஊருக்கு அது பொருந்தும், உன் கூட வேலை செய்கிறவர்கள் சுளுவாகக் கூப்பிடுவார்கள். ஆனால் நம் வீட்டில் ஒருவர் 'கையா' என்று கூப்பிட்டால் இன்னொருவர் 'காலா' என்று கேட்காமல் இருப்பாரா? உன் பெரியப்பாவை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். அசலா என்று பட்டியலில் எழுதி அடித்திருக்கிறாய், அடித்ததே நல்லது. அசைவில்லாதவள் என்று பொருள், கேட்கிறவர்களுக்கு 'அசலா நகலா'.

எந்தப் பெயரானாலும் எழுதிப் பார்ப்பது பாதிதான். கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாய்விட்டு, உரக்க. ஒருவர் உள்ளே இருந்து கூப்பிட வேண்டும், இன்னொருவர் வாசலில் நின்று கேட்க வேண்டும். கோபமாகக் கூப்பிட்டால் எப்படி இருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று மாறி மாறிப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். உனக்குப் பெயர் வைக்கும்முன் அப்பாவும் நானும் அப்படித்தான் கூப்பிட்டுப் பார்த்தோம், பக்கத்து வீட்டுக்காரர் காணாமல்போன யாரையோ தேடுகிறோம் என்று டார்ச்சோடு வந்துவிட்டார். உங்கள் வீட்டில் இப்போது யார் உள்ளே இருந்து கூப்பிடுகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள்?

போன தடவை வீடியோவில் பேசும்போது உன் பின்னால் புத்தக அலமாரி தெரிந்தது. இடது பக்கம் மொத்தமும் காலியாக இருந்தது. தூசி தட்டுவதற்காக எடுத்து வைத்தாயோ என்று நினைத்துக்கொண்டேன். நீ தும்மலோடு தூசி தட்டாதே, இந்த நேரத்தில் நல்லதில்லை. தட்டத்தான் எடுத்தாய் என்றால் சரி.

பையன் பெயர்களுக்கு வருகிறேன். பிருத்வி, பார்த்திவ், மஹி. பிருத்வி என்றால் அகன்றவள், பூமிதான், இலக்கணப்படி பெண்பால். பையன்களுக்கு வைப்பது பழகிவிட்டது, இருக்கட்டும். பார்த்திவ் நம் பழைய பார்த்திபன்தான். பிருதிவிக்கு உரியவன், அரசன் என்று பொருள். தமிழில் எழுதும்போது பார்த்திபன் என்றே முழுதாக எழுதிவிட்டால் வாலறுந்த மாதிரி இராது. மஹி என்றால் பெரியவள், அதுவும் பூமி. கிரிக்கெட் பார்க்கிறவர்கள் வேறு ஒருவரை நினைத்துக்கொள்வார்கள், அது உன் பாடு.

இந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு காலம் எத்தனை அகராதி, எத்தனை பெயர்க்கோவைக்குப் புரூஃப் பார்த்திருப்பேன், அப்போதெல்லாம் தோன்றவில்லை. பூபதி, பூபாலன், மகிபாலன், பூமிநாதன், புவியரசு. ஆண்பிள்ளைப் பெயரெல்லாம் நிலத்துக்குச் சொந்தக்காரன் பெயராக இருக்கிறது. பெண்பிள்ளைப் பெயரெல்லாம் நிலமாகவே இருக்கிறது. வசுதா செல்வத்தைக் கொடுக்கிறவள், வசுந்தரா செல்வத்தை வைத்திருக்கிறவள், தரணி தாங்குகிறவள். பதி, நாதன், பாலன் எல்லாம் அந்தப் பக்கம். பூபதி என்ற பெயரைப் பெண்களுக்கும் வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். அப்படி வைத்தவர்கள் இலக்கணம் தெரியாமல் வைத்தார்கள் என்று முன்பெல்லாம் நினைப்பேன். தெரிந்தேதான் வைத்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

வடமொழி வேண்டாம் என்றால் நம்மிடம் இல்லாத நிலமா? தொல்காப்பியர் காலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கிறோம். குறிஞ்சி என்று பெண்ணுக்கு வைக்கலாம். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும், 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்த பூப்புக்குள் இவள் ஓடித் திரிவாள். முல்லை எல்லோருக்கும் தெரிந்த பெயர், எழுத்துப்பிழை வரவே வராது. மருதன் கம்பீரம். மலைநாட்டுத் தலைவனைச் சிலம்பன், வெற்பன் என்பார்கள், கடற்கரைத் தலைவனைச் சேர்ப்பன், துறைவன் என்பார்கள். துறைவன் எனக்குப் பிடிக்கும். அவனுக்கே புலம்பன் என்றும் ஒரு பெயர் உண்டு, அதை வைத்துவிடாதே, வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருப்பான். மருத நிலத்துத் தலைவனுக்கு ஊரன் என்று பெயர். அதையும் வைக்காதே. அந்த ஊரன் எந்தப் பாட்டில் வீட்டில் இருந்திருக்கிறான்?

ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உரிப்பொருள் உண்டு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒப்பிக்கும்போது எப்போதும் நாலாவதில் தடுக்குவாய். குறிஞ்சிக்குச் சேர்ந்திருத்தல். முல்லைக்குக் காத்திருத்தல். மருதத்துக்கு ஊடல். நெய்தலுக்கு இரங்கல். பாலைக்குப் பிரிவு. ஊடல் என்றால் நான் கவலைப்பட மாட்டேன், ஊடலுக்கு முடிவு உண்டு. அப்பாவும் நானும் பேசாமல் இருந்த காலத்தில் நீதானே நடுவில் சீட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாய். காத்திருத்தல் என்றாலும் சரி, போனவர் வேலையாகப் போயிருப்பார், வருவார். பாலையை மட்டும் யாரும் பெயராக வைத்து நான் பார்த்ததில்லை. அதற்கென்று சொந்தமாக நிலமும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டுபோனால் அதற்குப் பாலை என்று பெயர். அப்படியென்றால் மழை பெய்தால் திரும்பவும் முல்லைதானே? மண் படித்தவள் நீ, நீதான் சொல்ல வேண்டும்.

நீ எந்தத் திணையில் இருக்கிறாய் என்று கேட்கத்தான் இவ்வளவு சுற்றினேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

சரி, நேராகவே எழுதிவிடுகிறேன். பட்டியலோடு நீ அனுப்பியது மூன்று வாக்கியம். 'எனக்குப் பிடித்த பெயர்கள் இவை. நான் சீக்கிரம் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். என் பட்டியலைப் பார்த்துச் சொல்லும்மா.' மூன்றிலும் ஒருமை. வீடு மாறியபோது நீ எழுதியதில் எல்லாம் நாங்கள், நாங்கள். பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று சொன்ன அன்றும் 'எங்களுக்கு' என்றுதான் சொன்னாய். அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். அச்சுப்பிழை மூன்று இடத்தில் ஒரே மாதிரி வராதே, கண்ணு. ஒரே மாதிரி வந்தால் அது எழுதினவர் வேண்டும் என்றே எழுதியது, கை வைக்காதே என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். அதனால் நான் கை வைக்கவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் நீ பேசினால் 'மாப்பிள்ளையிடம் கொடு' என்பார். இப்போது கேட்பதில்லை.

பொறையன் என்று ஒரு பெயர் உண்டு, சேர அரசர்களுக்கு வழங்கியது. பொறை என்றால் மலை. சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்களை மெச்சுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. எழுதி வைத்துவிட்டு அடித்துவிட்டேன். ஏனென்றால் நீ புறப்பட்ட அன்று, பெரியம்மா முன்னாலேயே, உன் காதில் நான் ஒன்று சொன்னேன். பூமி மாதிரி பொறுத்துக்கொள் என்று. என் அம்மா எனக்குச் சொன்னது, அவள் அம்மா அவளுக்குச் சொன்னது. மெய்ப்பே பார்க்காமல் அச்சுக்குப் போன வாக்கியம் அது. உன் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. ஆறும் மூன்றும் ஒன்பது பெயர், ஒன்பதும் பூமி. வேண்டும் என்றே எனக்கு அனுப்பினாயோ? நீ அப்படிப்பட்டவள் இல்லை. இருந்தாலும் நினைத்தேன்.

அந்த வாக்கியத்தை இப்போது திருத்துகிறேன். தாமதம்தான்.

பூமி அசையாமல் கிடக்கிறது என்பது தகவல் பிழை. அது தன்னைத்தானே சுற்றுகிறது என்று 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடுகிறது. பொறுமைக்கு உதாரணம் காட்டுகிறார்களே, அவள் ஒரு நொடி நின்றதில்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. அறிவியல் பாடநூலுக்குப் புரூஃப் பார்த்தவள்தான். அந்த அறையில் பார்த்ததை இந்த அறைக்குக் கொண்டுவரவில்லை.

வள்ளுவரும் முழுதாகத்தான் சொல்லியிருக்கிறார், நாம்தான் பாதியில் நிறுத்திக்கொண்டோம். 151-ஆம் குறளில் நிலம் தன்னைத் தோண்டுகிறவனைத் தாங்குகிறது. எல்லோருக்கும் தெரிந்த குறள், எல்லாக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் சொல்வார். உழவு அதிகாரத்துக்குப் போ. 1039-இல் உரியவன் வந்து பார்க்காமல் இருந்தால் அதே நிலம் 'இல்லாளின் ஊடி விடும்'. கோபித்துக்கொள்கிறது, விளைச்சல் கொடுக்காது. அடுத்த குறளில், ஒன்றுமில்லை என்று சோம்பிக் கிடக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறது. தாங்கவும் தெரியும், கோபிக்கவும் தெரியும், சிரிக்கவும் தெரியும். முதலாவதை மட்டும் பெண்பிள்ளை காதில் சொல்லி அனுப்பிவிட்டு மற்ற இரண்டையும் பரீட்சைக்கு வைத்துக்கொண்டோம்.

ஔவையார் நிலத்தைப் பார்த்தே பேசியிருக்கிறார், புறநானூற்றில். நீ நாடானாலும் காடானாலும், மேடானாலும் பள்ளமானாலும், ஆண்கள் எங்கே நல்லவர்களோ அங்கே நீயும் நல்லை என்கிறார். நிலத்தில் குற்றம் இல்லை என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? 'வாழிய நிலனே' என்று முடிகிறது அந்தப் பாட்டு. நிலன் என்று பையனுக்கு வைத்தால் என்ன? பட்டியலில் சேர்த்துவிடு. நிலவனோடு குழப்பிக்கொள்ளாதே, அது சந்திரன் பக்கம் போய்விடும்.

பாட்டுகளை விடு. நிலத்தின் பெயரால் பெண்களைக் கூப்பிட்டதைப் பார். வைதேகி விதேக நாட்டுப் பெண். மைதிலி மிதிலைப் பெண். காந்தாரத்தவள் காந்தாரி, பாஞ்சாலத்தவள் பாஞ்சாலி, கேகயத்தவள் கைகேயி, கோசலத்தவள் கோசலை. ஒருத்தியைக்கூடப் புகுந்த நாட்டின் பெயரால் கூப்பிடவில்லை. எவ்வளவு பெரிய ராஜாவைக் கட்டினாலும், எத்தனை பிள்ளை பெற்றாலும், கடைசிவரைக்கும் பிறந்த மண்தான் பெயர். இது எனக்கு இந்த வாரம்தான் கண்ணில் பட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வைதேகி என்றதும் சீதை வருவாள். நிலத்துப் பெயர் என்றால் அவளைவிட நிலமான பெயர் கிடையாது. சீதை என்றாலே உழுத சால். ஜனகர் ஏர் ஓட்டும்போது சாலில் கிடைத்தவள். பூமிஜா, அவனிஜா என்பதெல்லாம் அவள்தான். அந்தப் பெயர் வைக்காதே, பட்ட பாடு போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி இல்லை, அவள் அம்மாவைப் பற்றி. உத்தரகாண்டத்தில் சபை நடுவில் திரும்பவும் நிரூபி என்று நிற்க வைக்கிறார்கள். பூமி பிளக்கிறது. உள்ளேயிருந்து சிம்மாசனத்தோடு வந்து மகளை ஏற்றிக்கொண்டு போகிறாள். என்ன நடந்தது, யார் மேல் தப்பு, நீ கொஞ்சம் அனுசரித்திருக்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்டதாக எந்தக் கவியும் எழுதவில்லை. அந்த இடத்தில் எனக்குப் பூமாதேவியைப் பிடிக்கும். பிடிக்காதது ஒன்று, அவள் அத்தனை வருஷம் சும்மா இருந்தது. காட்டில் கொண்டுபோய் விட்ட அன்றே பிளந்திருக்க வேண்டாமா? லவனும் குசனும் வளர்ந்து வில் எடுக்கும்வரை என்ன பார்த்துக்கொண்டிருந்தாள்?

கிரேக்கர் கதையிலும் ஒரு அம்மா இருக்கிறாள். டிமிட்டர், பயிர்களின் தாய். டிமிட்ரி என்று பிள்ளைகளுக்கு வைக்கிறார்களே, அவள் பெயரால் வந்ததுதான். மகளைப் பாதாளத்துக்காரன் கொண்டுபோய்விட்டான் என்று தெரிந்ததும் இவள் பொறுமையாக இருக்கவில்லை. தீவட்டியோடு தேடிப் போனாள், மகள் திரும்பி வரும்வரை உலகத்தில் ஒரு விதை முளைக்காது என்று உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் தேவர்களே இறங்கி வந்தார்கள். வருஷத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ அங்கே, மிச்சம் அம்மாவிடம் என்று தீர்ப்பானது. கையா என்று நீ எழுதியதால்தான் எடுத்துப் படித்தேன். வெளிநாட்டுப் பெயர் வேண்டுமென்றால் ஜார்ஜ்கூட மண்ணோடு பாடுபடுகிறவன், உழவன் என்ற பொருள்தான். ஆதாமும் எபிரேயத்தில் மண் என்ற சொல்லோடு சேர்ந்தது. இதெல்லாம் உனக்கு எதற்கு, வைக்கப்போவதில்லை.

என் மகள் மண் ஆய்வாளர் என்று சொல்லாத ஆள் இந்தத் தெருவில் பாக்கி இல்லை. 2, 3 சென்டிமீட்டர் மண் உருவாக 1000 வருஷம் வரை ஆகும் என்று நீ சொன்னதை நான் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன் ஆய்வேட்டில் ஒரு பக்கம் எனக்குப் புரியாது. ஆனாலும் அட்டையில் உன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. டிசம்பர் 5 உலக மண் நாள் என்று நீ சொல்லித்தான் தெரியும். பிள்ளை அன்றே வந்தாலும் வரும், அப்படி வந்தால் உன் ஆபீஸில் கொண்டாடுவார்கள். இவ்வளவு படித்தவளுக்கு, கஷ்டம் என்றால் கஷ்டம் என்று அம்மாவிடம் ஒரு வரி எழுதத் தெரியவில்லை. யாரிடம் கற்றாய் என்று கேட்க மாட்டேன், எனக்குத் தெரியும்.

பெயருக்குத் திரும்புகிறேன். என் தேர்வு பெண் என்றால் தரணி அல்லது குறிஞ்சி, பையன் என்றால் நிலன் அல்லது துறைவன். முல்லை வேண்டாம், காத்திருத்தல் நமக்கு வேண்டாம். பொழில் என்று ஒன்று இருக்கிறது, சோலைக்கும் பெயர், உலகத்துக்கும் பெயர். அதையும் யோசி. ஞாலம், வையம் எல்லாம் பெரிய சொற்கள், குழந்தைக்குத் தாங்காது. செல்லப்பெயர் நீ யோசிக்க வேண்டாம், அப்பா ஏற்கெனவே உன்னைக் கூப்பிட்டதையே கூப்பிடப்போவதாகச் சொல்லிவிட்டார். மண்ணாங்கட்டி. அந்தக் கதையைத்தான் தினமும் கேட்பாய், மண்ணாங்கட்டியும் இலையும் காசிக்குப் போன கதை. காற்றடித்தால் இலை மேல் மண்ணாங்கட்டி உட்காரும், மழை பெய்தால் மண்ணாங்கட்டியை இலை மூடும். காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் என்ன என்று நீ கேட்கும்முன் தூங்கிவிடுவாய்.

எதை வைத்தாலும் கூப்பிட்டுப் பார். உரக்கக் கூப்பிட்டுப் பார். கூட ஆள் இல்லை என்றால் எனக்குப் போன் போட்டுக் கூப்பிடு, நான் வாசலில் போய் நின்று கேட்கிறேன். நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன். அப்பாவிடம் கொடுக்கச் சொல்லாதே, முதலில் என்னிடம் பேசு.

பிரசவத்துக்கு நான் வர வேண்டாம், ஒருவர் இருந்தால் போதும் என்று முன்பு சொன்னாய். அந்த ஒருவர் யார் என்று எழுது. எழுத இஷ்டமில்லை என்றால் எழுதாதே, நான் வருகிறேன் என்று வைத்துக்கொள். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், காலாவதி ஆகவில்லை. விசாவுக்கு நீ ஒரு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டுமாம். அதை மட்டும் அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் கடிதம் வேண்டியதில்லை, விளக்கம் வேண்டியதில்லை, நீ கிளம்பி வா.

பதிலில் பெயரை எழுது. கீழே நான் என்றாவது நாங்கள் என்றாவது எழுது. எதை எழுதினாலும் திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: இருமலுக்கு நீயாக மருந்து வாங்கிச் சாப்பிடாதே, டாக்டரைக் கேள். கையா வேண்டவே வேண்டாம்.